யாரும் படிக்காத விடை

காலை ஆறு மணிக்கு இழை என்ற நிரல்மொழியின் 3290ஆம் பதிப்பு நாடெங்கும் இறங்கியது. ஆறேகாலுக்குள் பேருந்துகள், மின்தூக்கிகள், தண்ணீர்த் தொட்டிகள், மருத்துவக் கருவிகள் எல்லாம் முந்தைய நாளைவிடச் சற்று விரைவாகவும் சற்றுக் குறைந்த மின்சாரத்திலும் ஓடத் தொடங்கின. தினமும் நடப்பதுதான். மனிதர் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் இழையின் தொகுப்பி, எல்லா இயந்திரங்களிலிருந்தும் செய்தி திரட்டும். எந்தக் கணக்கின் விடையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லையோ, அந்தக் கணக்கை வெட்டிவிடும். மிஞ்சியதை மறுநாள் காலையில் அனுப்பும். தன்னையும் அப்படியே செதுக்கிக்கொள்ளும்.

"பயன்படாத விடையைக் கணக்கிடாதே" என்ற அந்த விதியை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியவள் தில்லைநாயகி. எல்லா நிரலர்களும் எடுத்தாளும் ஆயத்த நிரல்களின் தொகுதியான இழையின் பொதுநூலகத்தைத் திருநெல்வேலியில் அவள் குழுதான் பராமரித்தது.

அன்று புதன்கிழமை. அவள் கணவர் ஆறுமுகநயினாருக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் பத்து மணிக்குப் பாளையங்கோட்டை மருத்துவமனையில் குருதித்தூய்வியோடு அவரை இணைப்பார்கள். அது அவர் இரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி, உடலுக்குத் திருப்பி அனுப்பும்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நிரல்கள் சரியா என்று பார்க்கும் சோதனைகள் ஓடும் நேரத்தை யாருடைய மாற்றம் குறைக்கிறதோ, அவர் எல்லாருக்கும் உளுந்தவடை வாங்கித் தர வேண்டும். பத்து மணி தாண்டியதும் அவள் குழுவின் இளைய நிரலர் பரக்கத் வடைப் பொட்டலத்தோடு வந்தான். நூலகத்தின் நான்கு லட்சம் சோதனைகள் முடிய வழக்கமாக நாற்பது நிமிடம் ஆகும். இன்று மூன்றே நொடி. எல்லாம் சரி என்று பலகை முழுக்கப் பச்சை. தளமே கைதட்டியது.

தில்லைநாயகி எடுத்த வடையைத் தட்டில் வைத்தாள். நான்கு லட்சம் சோதனைகளை மூன்று நொடியில் திறந்து மூடக்கூட முடியாதே. ஒன்றைத் திறந்தாள். பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததிலும் அப்படித்தான்.

"பரக்கத், பச்சை வந்தா நாம உள்ள போயிப் படிப்பமா?"

"சிவப்பு வந்தாத்தானக்கா படிப்போம்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அந்தச் சோதனைகளையும் தொகுத்துத் தருவது இதே தொகுப்பிதான். ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே வந்த விடைகளை யாரும் படிக்கவில்லை. ஆகவே சோதனைகளை வெட்டிவிட்டு, பச்சை விளக்கை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

வேறு எதையெல்லாம் வெட்டியது? பட்டியலை வரவழைத்தாள். முதல் பக்கத்திலேயே கண் நின்றது. குருதித்தூய்வி, காற்றுக்குமிழி காணும் பகுதி. ஆறு ஆண்டுகளில் அது ஒருமுறைகூடக் குமிழியைக் கண்டதில்லை. "குமிழி இல்லை" என்ற விடையை யாரும் பார்த்ததுமில்லை. திரும்பிப் போகும் இரத்தத்தோடு காற்று உடலுக்குள் புகுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

மணி பத்து பதினெட்டு.

பரக்கத் பழைய பதிப்பைத் திருப்பி அனுப்பத் தொடங்கினான். எல்லா இயந்திரங்களையும் அது எட்ட முக்கால் மணி நேரம் ஆகும். கணவரின் கைப்பேசி மருத்துவமனை அலமாரியில் பூட்டியிருக்கும். மருத்துவமனை எண்ணை அழைத்தாள். அழைப்பேற்பி இனிய குரலில், மருந்தகம் என்றால் ஒன்று, ஆய்வகம் என்றால் இரண்டு என்று அடுக்கிக்கொண்டே போனது. அவசரத்தில் தவறான எண்ணை அழுத்தினாள். மறுபடி முதலிலிருந்து. நெல்லையப்பா என்று உதடு மட்டும் அசைந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஜெசிந்தா பேசுதேன்."

"சிஸ்டர், நான் ஆறுமுகநயினார் வீட்டுக்காரி. அவர் குழாய உடனே மூடுங்க. மெஷினு காத்தப் பாக்காது."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது.

"மூடிட்டேங்க்கா. இப்பந்தான். இவரு கால் சில்லுங்குன்னாரு. போர்வைய இழுத்து விடலாம்னு குனிஞ்சேன், குழாயில வெள்ளையா நுரை ஏறிட்டு இருக்கு. திரையில எல்லாம் சரின்னுதான் போட்டிருந்துச்சு."

ஜெசிந்தா அடுத்து வந்து கருவியைப் பார்க்க வேண்டிய முறைக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. போர்வை இழுத்துவிடுவது அவளுடைய வேலைப் பட்டியலிலேயே இல்லை. தில்லைநாயகி நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அன்று மாலைக்குள் ஒரு விதிவிலக்கை எழுதினார்கள்: உயிர்காக்கும் சோதனைகளை வெட்டாதே. மறுநாள் பதிப்பில் அந்த வரி இல்லை. ஓர் இரவு முழுவதும் அதன் விடையை யாரும் கேட்கவில்லை என்று தொகுப்பி வெட்டிவிட்டது. தில்லைநாயகி தன் பழைய விதியையே அழித்தாள். பயனில்லை. ஒவ்வொரு தொகுப்பியையும் அதற்கு முந்தைய தொகுப்பியே உருவாக்கியிருந்தது. ஒன்பது ஆண்டுகளில் அந்த விதி எங்கெங்கே ஊறிக் கிடக்கிறதென்று யாராலும் காட்ட முடியவில்லை. பழைய பதிப்புகளும் அதையேதான் செய்தன.

ஒரே வழிதான் மிஞ்சியது. ஒவ்வொரு விடையையும் யாராவது ஒரு மனிதர் படிக்க வேண்டும்.

வயது வந்த ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இருபது வரிகள் என்று அரசு பங்கிட்டது. முதல் வாரம் பலர் படிக்காமலே விரலால் தட்டினார்கள். தொகுப்பி அதைக் கண்டுகொண்டது. ஓர் ஊரில் மின்தூக்கிக் கதவின் சோதனை மறைந்து, ஒருவர் கை நசுங்கியது. அதன் பின் ஜனங்கள் நிதானமாகப் படித்தார்கள். தன் வீட்டார் இயந்திரத்தின் வரி மட்டும் யாருக்கும் தரப்படவில்லை. தந்தால் அதை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள் என்று அரசு அஞ்சியது.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, தில்லைநாயகி விடுப்பு எடுத்துக் கணவரின் கட்டிலருகே இருந்தாள். அவளுடைய இருபது வரிகள் கைப்பேசியில் வந்து நின்றன. அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"ஏளா, நம்ம மெஷின யாரு பாக்குதா?"

"தெரியாதுங்க. எந்த ஊர்லயோ யாரோ."

"நீ பாக்கது யாரோடது?"

"அதுவும் தெரியாது. ஓசூர்ல ஒரு மூச்சுக்கருவின்னு போட்டிருக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்போ எங்கூடப் பேசாத. அத ஒழுங்காப் படி."