பார்த்தவர்கள் சொன்னது

நோன்பு பிடித்திருந்தவளின் வாய்க்குள் சோறு இருந்தது.

மத்தியான லுஹர் தொழுதுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பாயில் சாய்ந்த ஹாஜரா பீவியை எழுப்பியதே அந்தச் சோறுதான். ரமலானுக்கு அடுத்த சவ்வால் மாதத்து ஆறு நோன்பில் அன்று அவளுக்கு மூன்றாவது. விடியுமுன் சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, அதன் பிறகு எச்சிலைக்கூட யோசித்து விழுங்கியவள். இப்போது நாக்குக்கு அடியிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சில்லென்று, வழுவழுவென்று ஒரு சிறு கவளம். புறவாசலுக்கு ஓடித் துப்பினாள். தொட்டியோரம் விழுந்த பருக்கைகள் ஒன்றிலும் பல் பட்ட அடையாளம் இல்லை. புளித்த வாடை. காலையில் பிள்ளைக்கு வடித்த சோறு மத்தியானத்துக்குள் இப்படிப் புளிக்காது. இது நேற்றையது. அல்லது முந்தாநாளையது.

நாலு தடவை கொப்பளித்தாள். வாடை போகவில்லை.

திரும்பினால் நிலைப்படியில் நூர்நிஷா. ஏழு வயதுப் பிள்ளை, வலது கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றது. உம்மாவின் கண்ணைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தது.

"என்னட்டி அப்படிப் பாக்கே?"

பிள்ளை திரும்பி உள்ளே போய்விட்டது.

ஹாஜராவைக் கட்டிய மாப்பிள்ளை மசூது ஷார்ஜாவில் இருந்தான். எண்பத்தைந்தாம் வருஷம். டி.வி. நிலையத்து அலை தென்காசிக்குச் சரியாக எட்டாத காலம். அவன் போன லீவில் கொண்டுவந்த கலர்ப் பெட்டி, வீடியோ கேசட் போடும் டெக்குக்காகவே வீட்டில் இருந்தது. நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் ஊர் வந்த கூட்டாளி அகமது கபீரிடம் ஒரு வீடியோ கேசட்டும், கூடவே தன் குரலைப் பதிந்த டேப் ஒன்றும் கொடுத்துவிட்டிருந்தான். கடிதத்துக்குப் பதில் டேப்பில் பேசி அனுப்புவது அப்போது வளைகுடா வீடுகளில் வழக்கம்.

"ஜப்பான்காரன் வரைஞ்ச பொம்மைப்படம், ஹாஜரா. இங்கன டி.வி.ல அரபியில பேச வச்சுப் போடுதான், வாரம் ஒரு துண்டு. எங்க ரூம்ல பன்னெண்டு பேரு, மீசை வச்ச ஆம்பளைங்க, தேம்பித் தேம்பி அழுதானுவ. நீங்களும் பாருங்க. பாத்துட்டு ஒவ்வொருத்தரும் என்ன நினைச்சீங்கன்னு டேப்புல பேசி அனுப்புங்க. புள்ளைக்கு அரபு காதுல விழுந்த மாதிரியும் ஆச்சு."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் சாப்பிட்டுப் படுத்த பிறகு, எதிர்வீட்டு சைதூன் மாமியும், பக்கத்து வீட்டு ஜாஹிராவும், தெருக்கோடியில் குடியிருந்த குழல்வாய்மொழி டீச்சரும் வந்தார்கள். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினாள் ஹாஜரா. பெட்டிக்குள்ளிருந்து முதல் குரல் வந்ததுமே சைதூன் மாமி விறைத்து உட்கார்ந்தார்.

"ஏளா, தலையில முக்காடு போடுங்களா. அரபு பேசுது."

"பொம்மை பேசுததுக்கு என்ன மாமி முக்காடு?" என்றாள் ஜாஹிரா.

"பொம்மைதான். பேசுத பாஷை யாரு பாஷை? போடுங்கேன்."

எல்லாரும் போட்டார்கள். டீச்சர்கூட மரியாதைக்குச் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். அங்கே இருந்தவர்களுக்கு அரபு ஓதத் தெரியும், அர்த்தம் தெரியாது. டீச்சருக்கு ஓதவும் தெரியாது. அந்தப் பாஷையில் கெட்டது எதுவும் வராது என்கிற நம்பிக்கையில்தான் பிள்ளையை முன்னால் உட்காரவைத்தார்கள்.

படத்தில் பனி பெய்தது. ஒரு மரவீடு. அதில் ஒரு சின்னப் பெண். பெரிய ஈரக் கண்கள். மெத்தையில் அவள் அம்மா படுத்திருக்கிறாள். பெண் அடுப்பு மூட்டுகிறாள், கஞ்சி காய்ச்சுகிறாள், அம்மாவின் தலையை மடியில் வைத்து ஊட்டுகிறாள். அவ்வளவுதான். முதல் வெள்ளிக்கிழமை எல்லாரும் அழுதார்கள். ஜாஹிரா டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"எம்மா, நெஞ்சு பொடிஞ்சு போச்சு மசூது," என்றார் மாமி, மைக் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஸ்பீக்கருக்குள் குனிந்து. "அந்தப் புள்ளைய எங்கிட்டக் குடுக்கச் சொல்லு. நான் வளக்கேன்."

"மச்சான், அடுத்த தடவை சண்டைப்படம் அனுப்புங்க," என்றாள் ஜாஹிரா.

இரண்டாவது வெள்ளிக்கிழமை, ஊட்டிய கஞ்சி உள்ளே இறங்கவில்லை. வாயோரம் வழிந்தது. பெண் வழித்து மறுபடி உள்ளே வைத்தாள். அம்மாவின் உதடு மூடவே இல்லை. வரைந்தவன் அந்த உதட்டுக்கு நீலச்சாயம் பூசியிருந்தான், கொஞ்சம் கொஞ்சமாக, சட்டென்று கண்ணுக்குத் தெரியாதபடி. மூன்றாவது வெள்ளிக்கிழமை அந்த வாய் சோற்றால் நிறைந்திருந்தது. கன்னம் உப்பியிருந்தது. ஒரு ஈ பற்களுக்கு நடுவே நடந்து உள்ளே போய், வேறு வழியாக வெளியே வந்தது. பெண் ஏதோ மெல்ல ஓதியபடி, சிரித்துக்கொண்டே அடுத்த கவளத்தை உருட்டினாள். உங்களுக்குக் குமட்டினால் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் குமட்டியது. டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டார். படத்துக்கு ஏது வாடை? ஆனால் மாமியும் பொத்தியிருந்தார்.

அன்று டேப்பில் டீச்சர் சொன்னார்: "சார், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. வரைஞ்சவன் கைகாரன்தான். ஆனா அருவருப்பா இருக்கு. செத்துப் போனவளச் செத்துப் போனான்னு அந்தப் புள்ளைக்குச் சொல்ல ஒரு நாதி இல்லியா? இத ஒரு படம்னு எடுத்திருக்கான்."

"தூ," என்றார் மாமி. அதுவும் பதிவானது.

பிறகு ஒரு சின்னக் குரல். "சாகல டீச்சர். அவளுக்குப் பசிக்கி. வாயைத் தொறக்கச் சொல்லத்தான் அந்தப் புள்ள ஓதுதா." நூர்நிஷா.

"உனக்கு எப்படிட்டி தெரியும்?" என்று ஜாஹிரா சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

அன்றே கேசட்டை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள் ஹாஜரா. பிள்ளை அழவில்லை. ஏன் என்று கேட்கவுமில்லை. அன்றிலிருந்து அது உம்மா என்று கூப்பிடவுமில்லை.

வாயில் சோறு இருந்த அந்தத் திங்கட்கிழமைதான் ஹாஜராவுக்கு இது உறைத்தது. சாப்பிட வா என்றால் வரும். தலைவாரக் கூப்பிட்டால் உட்காரும். ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பீங்கானோடு, ஒரு தலையணையோடு இருப்பதுபோல அவளோடு இருந்தது. "உம்மான்னு சொல்லு தங்கம், ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சினாள். பிள்ளை அவள் மேலுதட்டைக் கவனமாகப் பார்த்துவிட்டு, போர்வையை எடுத்துவந்து அவள் மடிமேல் விரித்தது.

புதன்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் குற்றாலம் போனாள். சீசன் நன்றாகப் பிடித்திருந்தது. ஐந்தருவியில் பெண்கள் பக்கத்தில் கூச்சலும் சீயக்காய் வாசனையும் சாரலும். நோன்பு என்பதால் ஹாஜரா குளிக்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள். சாரல் முகத்தில் அடித்தது. உயிர் வந்ததுபோல் இருந்தது. மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்த அகிலாண்டம் என்ற கிழவி பிள்ளைக்கு ஒரு பழத்தை உடைத்து நீட்டினாள்.

"யாரு வீட்டுப் புள்ள? கண்ணு எப்படி இருக்கு பாரேன். ஒங்க அம்மை எங்கட்டி?"

"வீட்டுல படுத்திருக்கா," என்றது நூர்நிஷா.

ஹாஜரா சிரிக்கப் பார்த்தாள். "வெளையாடுதா ஆச்சி. நாந்தான் அவ உம்மா."

கிழவி பழத்தைப் பிள்ளையின் கையில் வைத்தாள். ஹாஜரா நின்ற இடத்தை ஒரு தடவை பார்த்தாள், அருவிச் சத்தத்தில் ஏதோ கேட்டதுபோல. பிறகு பிள்ளையைப் பார்த்து, "தனியா வரக் கூடாது தாயி, தண்ணி வேகமா விழுது" என்றாள்.

கையைப் பிடித்திருந்தாள். ஹாஜரா அந்தப் பிஞ்சுக் கையை விடாமல்தான் பிடித்திருந்தாள்.

வியாழக்கிழமை தலை சீவும்போது காதுக்குப் பின்னால் சீப்பு சிக்கியது. விரலை விட்டுப் பார்த்தாள். முடி கற்றையாக ஒட்டிக் காய்ந்திருந்தது. சுரண்டினால் நகத்துக்குள் வெள்ளையாக, கடினமாக, பருக்கை. ஒன்றல்ல. காதுமடலுக்குள் இரண்டு. பிடரியில் ஒரு பொருக்கு. தலையணையை எடுத்து உறையை உருவினாள். வாயோரம் படும் பக்கத்தில் உறைக்கும் பஞ்சுக்கும் நடுவே ஒரு கை அகலத்துக்குச் சோறு ஊறி, மஞ்சளாகி, நூல் விட்டுக் கிடந்தது. அதில் சிறிய வெண்புழுக்கள் நெளிந்தன. ஒரு நாள் சோறு இல்லை அது. பல நாள். எத்தனை மத்தியானம் இதன்மேல் முகத்தை வைத்துத் தூங்கியிருக்கிறாள்? எவ்வளவு உள்ளே போயிருக்கும்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு புறவாசலில் உட்கார்ந்து ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை. 

தலையணையைத் தீ வைத்துக் கொளுத்தினாள். புகை வாடை கேட்டு ஜாஹிரா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்ன மைனி கொளுத்துதீங்க? கறி கருகுத மாதிரி வருது."

"பழைய தலகாணி. நாளைக்குப் படம் கிடையாது ஜாஹிரா. மாமிட்டயும் டீச்சர்ட்டயும் சொல்லிரு. கேசட்ட பூட்டிட்டேன்."

ஜாஹிரா எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிப்பவள். அன்று சிரிக்கவில்லை. மூக்கை முக்காட்டின் நுனியால் மூடிக்கொண்டாள்.

"படம் இல்லன்னா என்ன மைனி. நாங்க வாறோம்."

வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே உடம்பு கனத்தது. சாரல் காய்ச்சல் என்று நினைத்தாள். லுஹர் தொழுது, ஸலாம் கொடுத்து, முஸல்லா விரிப்பிலிருந்து எழுந்திருக்க முடியாமல் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தாள். தூங்கிவிடக் கூடாது. தூங்கிவிடக் கூடாது. சுவரில் கடிகாரம் ஓடுவதை எண்ணிக்கொண்டே இருந்தாள். இருநூறுவரை எண்ணியது நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது அறை இருட்டாக இருந்தது. ஜன்னலில் போர்வை தொங்கியது. அவள் தொங்கவிடவில்லை.

டி.வி. பெட்டி மூடியிருந்தது. டெக்கில் விளக்கு எரியவில்லை. ஆனால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், வழக்கமான இடங்களில், சம்மணமிட்டு. முக்காடு போட்டிருந்தார்கள். பெட்டிப் பக்கம் முதுகு. முகம் இவள் பக்கம்.

மாமி, என்று கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. வாய் திறந்துதான் இருந்தது. மூட முடியவில்லை. கையைத் தூக்கினாள். தூக்கியதாகத்தான் நினைத்தாள். கை, அவள்மேல் விரித்திருந்த போர்வைக்கு மேலே கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதன் நகங்கள் நீலமாக இருந்தன.

தலை எதன்மேலோ உயர்ந்திருந்தது. மெத்தென்று. பாவாடைத் துணி. மகளின் மடி.

சில்லென்ற விரல் வந்தது. ஒரு கவளம். உள்ளே வைத்தது. அது இறங்கவில்லை. விரல் அழுத்தியது. இன்னொரு கவளம். காதருகே பிள்ளை மெல்ல ஓதிக்கொண்டிருந்தது. அர்த்தம் புரிந்தது. முதல் தடவையாக ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

டக். சிவப்புப் பொத்தான்.

"அழக்கூட வரல மசூது," என்றார் சைதூன் மாமி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "கன்னத்தைப் பாரேன், எப்படி உப்பிப் போச்சு. அந்தப் புள்ளைய எங்கிட்டக் குடுக்கலாம்."

நான் இருக்கேன் மாமி. பாருங்க. என் கண்ணப் பாருங்க.

"வாடை தாங்கல மச்சான்," என்றாள் ஜாஹிரா. "கண்ணு வேற தொறந்தே இருக்கு. பாத்தா உசிரோட இருக்கவ மாதிரியே இருக்கு. அதான் ரொம்ப அசிங்கமா இருக்கு."

டீச்சர். டீச்சர் சொல்லுவார். சொல்லிவிடுவார் பிள்ளையிடம்.

குழல்வாய்மொழி டீச்சர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி முன்னால் குனிந்து, ஹாஜராவின் வாய்க்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"போன வாரத்தைவிட நல்லா இருக்கு சார்," என்றார்.

ஏதோ ஒன்று மேலுதட்டில் உட்கார்ந்தது. சிறிய கால்கள். ஊர்ந்தது. பற்களுக்கு நடுவே நுழைந்தது. அது நடக்கும் சத்தம் கேட்டது, நடப்பதை உணர முடியவில்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்தது என்ன என்று காத்துக்கொண்டிருந்தார்கள். ஜாஹிரா டேப்பைத் திருப்பிப் போட்டாள். பிள்ளை குனிந்து, எத்தனையோ நாள் கழித்து, அந்தப் பெரிய ஈரக் கண்களால் ஹாஜராவின் கண்ணை நேராகப் பார்த்தது. சிரித்தது. தட்டில் இன்னும் நிறையச் சோறு இருந்தது.

"உம்மா," என்றது, அவ்வளவு ஆசையாக. "ஆ சொல்லு."