கிழக்குப் பாத்தியில் இறங்காதே

முந்தின மாலை பன்ஜோங் உருளை ஓட்டி, தரையை வழவழவென்று இறுக்கிவிட்டுப் போன உப்புப் பாத்தியில், காலையில் மூன்று விரல் கொண்ட சின்னச் சின்னக் காலடிகள் இருந்தன. வானத்தில் ஒரு பறவை இல்லை. தாய்லாந்தின் பெட்சபுரிக் கடலோரத்தில் குளிர்காலத்தில் அப்படி நடந்ததே கிடையாது.

ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவன் மனைவி லம்துவன் வரப்பில் நின்றாள்.

"உருளைய ஓட்டினீங்களா, இல்ல அதுமேல உக்காந்து தூங்கினீங்களா?"

"நண்டா இருக்கும். நீ கிழக்குப் பாத்தியில எறங்கிடாத."

நண்டில்லை என்று அவனுக்குத் தெரியும். உப்பளத்தை விற்றால்தான் உப்புநீரில் வெடித்த அவள் கால்கள் ஆறும், பிள்ளை நல்ல ஆஸ்பத்திரியில் பிறக்கும். வாங்க வந்தவரோ, "அபூர்வப் பறவை மேயுற எடம்னு எவனாவது மனு போட்டா எனக்கு வேணாம்ப்பா" என்று கிளம்பிவிட்டார். தொலைநோக்கியோடு வந்தவர்கள் கிழக்குப் பாத்தியில் பதினொரு கரண்டிமூக்கு உள்ளான்களை எண்ணியிருந்தார்கள். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சமாம். மறுநாளே பன்ஜோங் அந்தத் தண்ணீரில் விஷம் கலந்தான். செத்தவற்றை, இப்போது தடங்கள் தெரிந்த இந்தப் பாத்தியின் களிமண்ணில் புதைத்து உருளையை ஓட்டினான். அடியில் எலும்புகள் நொறுங்கியது இன்னும் உள்ளங்கையில் தெரிகிறது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும் என்று தன்னையே வைதுகொண்டு மறுபடி உருட்டினான்.

அடுத்த நாள் தடங்கள் வரப்பேறியிருந்தன. அதற்கடுத்த நாள் வீட்டு வாசலில். அவள் விழிக்குமுன் பெருக்கித் தள்ளினான்.

"சோறே எறங்கலங்க. அந்தக் கிழக்குப் பாத்தி உப்புத் தண்ணி வாசம் மட்டும் இழுக்குது," என்று சிரித்தாள் லம்துவன். "உங்க புள்ளைக்கு நாக்கு நீளம்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது.

இனிப் பறவைகள் இல்லை என்றதும் வாங்குபவர் சம்மதித்த செய்தியோடு நடுப்பகலில் வீட்டுக்கு ஓடிவந்தான். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாடி நின்றிருந்தது. வெயிலில் வெந்த சேற்று வாடை. படுக்கை காலி.

கிழக்கே சளப், சளப்.

விஷத் தண்ணீரில் முழந்தாளிட்டிருந்தாள். கைகள் முதுகோடு ஒட்டியிருந்தன. முகம் தண்ணீருக்குள். தலை இடம், வலம். இடம், வலம். அந்த உள்ளான்கள் சேற்றைச் சலித்து இரை தேடுவது போலவே.

"லம்துவன்."

நிறுத்தவில்லை.

பாய்ந்து தூக்கினான். எடையே இல்லை. கண்கள் திறந்திருந்தன, அவனைப் பார்க்கவில்லை. உதடுகள் தட்டையாக அகன்று, சேறு வழிய, வெறும் காற்றைச் சலித்தபடி அவள் முகம் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது.