ஜம்புநாதனின் தம்பி

"ஐயோ, சாமீ...!"

சுப்பம்மாளின் அலறலில் அந்த ஹவுரா சந்தே திரும்பிப் பார்த்தது.

மாடிப்படியின் அடியில் வீட்டுக்காரர் ஜம்புநாதன். வெற்று மார்பு. மண்டையில் ரத்தம். மூச்சு இல்லை!

இன்ஸ்பெக்டர் தத்தா ஒரு டாக்டரோடு வந்து இறங்கினார். டாக்டர் பிணத்தருகே உட்கார்ந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் கோஷால். முனிசிபாலிடி வரிக் குமாஸ்தா. அவர் விரல் சுப்பம்மாளின் புருஷன் கருப்பையாவை நோக்கி நீண்டது.

"இவன்தான் செத்தவரோட தம்பி. போன வாரம் வரி போட வந்தப்ப அவனே சொன்னான்!"

"தம்பியா?" தத்தா வங்காள மொழியில் உறுமினார். "அண்ணனுக்குக் கல்யாணம் ஆகல. செத்தா வீடு யாருக்கு? உனக்கு! படியிலேர்ந்து தள்ளிட்டியா?"

சணல் மில்லில் மூட்டை தூக்கும் கருப்பையா கைகூப்பினான்.

"நான் வாடகைக்கு இருக்கேன் சார்! வாடகைக்கு ஆள் குடியிருக்குன்னு தெரிஞ்சா வரி கூடும்... வரி கூடினா வாடகையை ஏத்திருவேன்னாரு சாமி. அதான் தம்பின்னு சொன்னேன்..."

"வாடகை ரசீது எங்கே?"

"ரசீது குடுத்தா வரி வந்துருமே சார்!"

"ஏறுடா வண்டியில!"

சுப்பம்மாள் குறுக்கே பாய்ந்தாள்.

"எண்ணெய்க்கு வரி, சோப்புக்கு வரி... வாடகையும் ஏறினா உலையில கல்லையா போடுறது? வயித்துக்குத்தான் சார் பொய் சொன்னோம்!"

புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பித்தான்கள் தெறித்தன.

"பாருங்க! சாமி மார்ல பூணூல் கிடக்கு. இந்த மனுசன் மார்ல வேர்க்குருதான் கிடக்கு! ஐயருக்கு இவரு எப்படி சார் தம்பி?"

தத்தா பிணத்தைப் பார்த்தார். கருப்பையாவைப் பார்த்தார்.

"சரிதான். நீ தம்பி இல்ல. குடித்தனக்காரன்."

கருப்பையாவுக்கு உயிர் வந்தது...

டாக்டர் கையைத் துடைத்தபடி எழுந்தார். "கொலையே இல்ல, தத்தா பாபு. மாரடைப்பு. விழுந்ததுல மண்டை உடைஞ்சிருக்கு."

"அடப்பாவி டாக்டரு!" சுப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "இதை முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? நாங்க வாயைத் திறந்திருக்கவே மாட்டோமே!"

கோஷால் பேனாவைத் திறந்தார். முகத்தில் சிரிப்பு!

"ஆக, வாடகை வீடு! இத்தனை வருஷமா மறைச்ச வரி பாக்கி இருக்கு. சொந்தக்காரர் போயிட்டார். குடியிருக்கிறவன்தான் கட்டணும். இல்லேன்னா பானை சட்டி ஜப்தி!"

கருப்பையா தத்தாவிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"விலங்கை மாட்டுங்க சார்."

"எதுக்குய்யா? நீ குத்தவாளி இல்லேன்னு ஆயிடுச்சே!"

"ஜெயில்ல குடியிருக்கிறவன்கிட்ட வீட்டு வரி கேக்க மாட்டாங்கல்ல சார்?"