நாப்பது எண்ணுறதுக்குள்ள

ஒரே வீட்டுல ரெண்டு ரேடியோ, ரெண்டுலயும் ஒரே நிலையம் ஓடுதுன்னா, எது முதல்ல பேசும்னு நீங்க எப்பவாவது கவனிச்சிருக்கீங்களா?

நோரீன் கவனிச்சிருக்கா. அயர்லாந்துல லீட்ரிம் பக்கம், ஏரிக்கரையில, அவளும் அண்ணன் மாலக்கியும் மட்டும் இருக்கற வீடு. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகல. முன்னறையில மாலக்கியோட எஃப்.எம். ட்யூனர் இருந்துச்சு. கனமான பெட்டி, நகர்ற முள்ளு, பச்சை விளக்கு, பரண்ல ஏரியல். சமையலறையில நோரீனோட இன்டர்நெட் ரேடியோ. பாஸ்டன்ல இருக்கற அக்கா பிலோமினா அனுப்பினது. சாயங்காலம் ஆறு மணிச் செய்தி முடிஞ்சதும் உள்ளூர் நிலையம் சாவு அறிவிப்பு வாசிக்கும். அதைக் கேக்காம அந்தப் பக்கத்துல யாரும் தட்டுல கை வைக்கறதில்ல. பாஸ்டன்ல பிலோமினாவும் அதையே இன்டர்நெட்டுல கேப்பா. கேட்டுட்டு உடனே போன் போட்டு, "கிளான்சி போயிட்டானாமே, என்னை டான்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வராமப் போனவன்"ம்பா.

எப்பவும் ட்யூனர்தான் முதல்ல பேசும். இன்டர்நெட் ஊரெல்லாம் சுத்திட்டு வரணுமில்ல, சரியா நாப்பது விநாடி கழிச்சு சமையலறைப் பெட்டி அதையே திருப்பிச் சொல்லும். மாலக்கி நாற்காலியில சாஞ்சுக்கிட்டு சத்தமா எண்ணுவான்.

"முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது, இதோ வந்துட்டா உன் சீமாட்டி. ஆளைப் புதைச்சுட்டு வந்து டீ குடிச்சப்புறம்தான் உன் பெட்டி சாவு சொல்லும்."

"மழை பெஞ்சா உன்னுது சட்டியில கொழுப்புப் பொரியற மாதிரி இரையுதே, அது தேவலையா? என்னுது எவ்வளவு சுத்தமா இருக்கு பாரு."

"இரைச்சல் இல்லாதது என்னடி ரேடியோ. இரைஞ்சாத்தான் உயிரோட இருக்குன்னு அர்த்தம்."

நவம்பர்ல ஒரு வியாழக்கிழமை, சமையலறை முதல்ல பேசிச்சு.

நோரீன் உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருந்தா. உப்புக்கண்டப் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் வேகற வாசனை, கதவுக்குப் பின்னால தொங்கற நனைஞ்ச கோட்டோட மாட்டு வாசனை, ஜன்னலுக்கு வெளியே நாலரை மணிக்கே இறங்கிட்ட இருட்டுல ஏரித்தண்ணி கல்லுல மோதற சத்தம், இதுக்கெல்லாம் நடுவுல செய்தி வாசிக்கற பொண்ணோட குரல் அவ காதுக்குப் பக்கத்துல சுத்தமாக் கேட்டுச்சு. முன்னறையில இன்னும் விளம்பரப் பாட்டுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நோரீன் கத்தியை நிறுத்தினா. தன்னையறியாம எண்ணினா. நாப்பதுல, முன்னறையில அதே குரல் அதே செய்தியை ஆரம்பிச்சுது.

மாலக்கி அன்னைக்கு எண்ணல. தூங்கிட்டானோ என்னவோ.

அப்புறம் சாவு அறிவிப்பு. மூணு பேரு. ரெண்டு பேரு ஊர்க்காரங்க, போன வாரமே ஆஸ்பத்திரியில படுத்திருந்தவங்க. மூணாவதா அந்தக் குரல் சொல்லுச்சு:

"பிலோமினா ரெகன், பாஸ்டன், முன்பு இந்த ஏரிக்கரை. தன் வீட்டில், அமைதியாக. முன்னமே மறைந்த சகோதரர் மாலக்கி. பிரிவால் வாடும் சகோதரி நோரீன்."

கத்தி கையிலயே இருக்க முன்னறைக்கு ஓடினா. ட்யூனரோட பச்சை விளக்கு எரிஞ்சுது. முதல் பேரு. ரெண்டாவது பேரு. அதோட அறிவிப்பு முடிஞ்சு, ஃபிடில் வாசிப்பு ஆரம்பிச்சுது.

"கத்தியோட வரியே, நான் என்னடி பண்ணினேன்?" மாலக்கி ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"பிலோமினா பேரு வாசிச்சாங்க. என் பெட்டியில."

"இங்க வாசிக்கலயே. நாப்பது விநாடி பொறு, உன்னுதுல வந்தாலும் வரும்." சிரிச்சான். சிரிச்சா அவனுக்கு இருமல் வரும். சின்னச் சின்னதா மூணு இருமல், அப்புறம் ஒரு நீளமான மூச்சு, கடைசியில தொண்டைக்குள்ள ஒரு விசில். முப்பது வருஷமா அதே இருமல்தான். "போன் போட்டுப் பாரு. செத்திருந்தா எடுக்க மாட்டா."

ரெண்டாவது மணியிலயே பிலோமினா எடுத்தா. வாய் நிறைய என்னமோ மென்னுக்கிட்டு இருந்தா. ரெண்டு மாசம் முன்னாடி இதய ஆபரேஷன் ஆனவ.

"செத்தவ சாண்ட்விச் திம்பாளாடி? நானும்தான் கேட்டேன். ரெண்டு பேருதான் வாசிச்சாங்க. அந்த மாலக்கியை வெச்சுக் குப்பை கொட்டி உனக்கு மூளை குழம்பிடுச்சு."

மூணு பேரும் சிரிச்சாங்க. நோரீனும் சிரிச்சா. அந்த ஒரு வரியை மட்டும் அவ ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல. முன்னமே மறைந்த சகோதரர். அப்படி வாசிச்சா, அந்த ஆளு முந்திக்கிட்டான்னுதான் அர்த்தம். வேற அர்த்தமே கிடையாது.

அவ சமையலறை ரேடியோவோட பிளக்கைப் பிடுங்கி மேசை மேல போட்டா. அதுக்கு பேட்டரி கிடையாது. அப்புறம் டாக்டர் நம்பருக்குப் போன் பண்ணினா. அண்ணனுக்கு என்ன செய்யுதுன்னு நர்ஸ் கேட்டா. நோரீன் எட்டிப் பாத்தா. ரெண்டாவது தடவை கறி போட்டுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். ஒண்ணுமில்லன்னு வெச்சுட்டா.

எட்டு மணிக்கு அவன் எழுந்தான். கன்னு போடற நிலையில ஒரு பசு கொட்டகையில நின்னுது.

"என் பூட்ஸ் எங்க?"

"ஈரமா இருக்கு."

"பூட்ஸ் ஈரமாத்தான் இருக்கும். அதுக்குத்தானே அது பூட்ஸ்."

"நான் போய்ப் பாக்கறேன். நீ உக்காரு. இன்னைக்கு ஒரு ராத்திரி நீ உக்காரு மாலக்கி."

அவ முகத்தை ஒரு நிமிஷம் பாத்தான். என்னத்தைக் கண்டானோ, மறுபேச்சில்லாம உக்காந்துட்டான். அவ மழையில ஓடிப்போய்ப் பசுவைப் பாத்துட்டு ஓடி வந்தா. அவன் உயிரோடதான் இருந்தான். ட்யூனரை அணைச்சுட்டு, அடுப்புக்குப் பக்கத்துல, வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கினான். அவ எதிர்ல நாற்காலியை இழுத்துப் போட்டா. நாளைக்கு ஆறு மணி அறிவிப்பு வரைக்கும் இப்படியே உக்காந்திருக்கணும், அவ்வளவுதானேன்னு நினைச்சுக்கிட்டா. அடுப்புல விறகுக்குப் பதிலா எரிக்கற கரிமண் கட்டி இனிப்பா புகைஞ்சுது, மழை ஓட்டு மேல ஒரே சீரா விழுந்துது, அவன் மூச்சு உள்ள போய் வெளிய வர்றதை அவ கயித்துல துணி எண்ணற மாதிரி எண்ணிக்கிட்டே இருந்தா.

சமையலறையில யாரோ இருமினாங்க.

சின்னச் சின்னதா மூணு. நீள மூச்சு. விசில்.

நோரீன் திரும்பல. எதிர்ல மாலக்கி அசையாம தூங்கினான். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்துது. உள்ள இருட்டு. அந்த இருட்டுல மழை விழுந்துது, இங்க விழற அதே மழை, ஆனா சுத்தமா, இரைச்சலே இல்லாம. அவ எண்ண ஆரம்பிச்சா.

நாப்பதுல மாலக்கி இருமினான். மூணு. நீள மூச்சு. விசில்.

அவ எழுந்து போய்ப் பாத்தா. ரேடியோ முகத்துல விளக்கு இல்ல. பிளக் மேசை மேல, உருளைத்தோலுக்குப் பக்கத்துல, அவ போட்ட இடத்துலயே கிடந்துச்சு. பெட்டிக்குள்ள ஒரு ஆளு மூச்சு விட்டுக்கிட்டு இருந்தான். அடுப்புல ஒரு கட்டி சரியற சத்தம் அதுக்குள்ள கேட்டுச்சு. அவ ரேடியோவைத் தூக்கித் தொட்டித் தண்ணியில அமுக்கினா. தண்ணிக்குள்ள இருந்தும் மூச்சு வந்துச்சு.

முன்னறைக்கு வந்தா. நாற்காலியில உக்காந்தா. அடுப்புல அந்தக் கட்டி அப்பத்தான் சரிஞ்சுது.

சமையலறையில மறுபடி இருமல். ஒண்ணு. ரெண்டு.

மூணாவது வரல.

ஒரு மூச்சு வெளிய போச்சு. உள்ள வரல. மழை மட்டும். அப்புறம் ஒரு பொம்பளைக் குரல், மெதுவா.

"மாலக்கி."

அது அவளோட குரல்.

"மாலக்கி."

அதுக்கப்புறம் அந்தப் பெட்டி பேசல. மழைகூட இல்ல.

ஒண்ணு. ரெண்டு. அவனை உலுக்கினா. தலை இந்தப் பக்கம் சாஞ்சு அந்தப் பக்கம் சாஞ்சுது, கண்ணு திறக்கல. பதினொண்ணு. கையைப் பிடிச்சா. சூடா இருந்துச்சு. நாடி ஓடிச்சு. இருபது. பேசக் கூடாது. அவன் பேரைச் சொல்லக் கூடாது. சொல்லலைன்னா அது நடக்காது. முப்பது. உள்ளங்கையை வாயில அமுக்கினா. பல்லுல ரத்தம் உப்புக் கரிச்சுது. முப்பத்தெட்டு.

முப்பத்தொம்பது.

மாலக்கி இருமினான். ஒண்ணு. ரெண்டு.

மூச்சு வெளிய போச்சு.

அவ காத்திருந்தா. மழை. விரல் இடுக்குல அவ வாய் தானாத் திறந்துச்சு.

"மாலக்கி."

கொஞ்ச நேரம்.

"மாலக்கி."

மறுநாள் காலையில எட்டு மணிக்கு பாஸ்டன்ல இருந்து பிலோமினாவோட பக்கத்து வீட்டுக்காரி போன் பண்ணினா. பிலோமினா அங்க ராத்திரி பத்து மணிக்கு, இங்க விடியக்காலை மூணுக்கு, டிவி முன்னாடி உக்காந்த மேனிக்குப் போயிட்டா. மாலக்கி போய் அஞ்சு மணி நேரம் கழிச்சு. ஒம்பது மணிக்கு சவ அடக்கம் பண்ற டூஹி வந்தாரு, தொப்பியைக் கழட்டிட்டு சமையலறையில உக்காந்தாரு, வானொலிக்குக் குடுக்க ரெண்டு அறிவிப்பும் எழுதணுமேன்னாரு. அக்காவோடதை நோரீன் நிறுத்தாம சொன்னா. அவர் எழுதிக்கிட்டே, "முன்னாடியே எழுதி வெச்சிருந்தீங்களா?"ன்னு கேட்டாரு. இல்லன்னு சொன்னா. ரேடியோவுல கேட்டேன்னு சொன்னா. அவர் அறிவிப்பை சாயங்காலம் ஆறு மணிக்குப் போட ஏற்பாடு பண்ணினாரு.