நாற்பத்திரண்டு அடி

சுவரேறிக் கூரைவரை படர்ந்த கொடிரோஜாவில் அத்தனை பூ, தலைவலிக்கிற அளவுக்கு வாசம், ஆனால் ஒரு தேனீகூட இல்லை. சர்வேயர் அதைக் கவனித்தார். அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் வந்த வேலை என்னாவது என்று விட்டுவிட்டார்.

வேலையோ நகர்வேனா என்றது. தோட்டத்தின் பின் எல்லை பத்திரப்படி நாற்பத்திரண்டு அடி. அளவு சரியாக வந்தால் நாளைக்கே கையெழுத்து, வீடு கைமாறும், இங்கே குடியிருக்கும் அவர் தங்கை தப்பிப்பாள். படுக்கையறை ஜன்னலைக் கொடி தட்டுகிறது, வெட்டினாலும் மறுநாள் வந்து நிற்கிறது என்று சொல்லி அவள் சரியாகத் தூங்கி ஒரு மாதமாகிறது. மாடியிலுள்ள அந்த ஜன்னலைச் சாத்தியவள் திறக்கவே இல்லை.

"அது என்னைத் தேடுதுண்ணா" என்றாள் மதியம். செடிக்கு வேற வேலை இல்லையா என்று இவர் சிரித்துவிட்டார். பாவி, சிரித்திருக்க வேண்டாம்.

வேலைவிட்டு வந்ததும் மாப்பிள்ளை டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதாகப் பேச்சு. அவர் வந்ததும் எடுத்துக்கொள்ளட்டும் என்று முனை வளையத்தை அந்தக் கோடி எல்லைக்கல்மேல் வைத்துவிட்டு, முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு இந்தக் கோடிக் கல்லுக்கு வந்து, டேப் பெட்டியின் வாரை வழக்கம்போல் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். நடுவே பூப்புதர். எதிர்முனை தெரியாது.

டேப் இரண்டு முறை சுண்டியது. போன வாரம் முன்பக்கம் அளந்தபோது இருவரும் பேசிவைத்த சைகை: பிடிச்சாச்சு.

வந்துவிட்டார் போலிருக்கிறது. இழுத்துப் படித்தால் நாற்பத்தொன்று.

"கல்லு மேல வைங்க மாப்பிள்ளை."

இரண்டு சுண்டு. முப்பத்தெட்டு.

இரண்டு நிமிடம் ஒரு இடத்தில் நிற்கத் தெரியாத மனிதர். போன வாரமும் இதே கூத்துதான். தொய்ந்த டேப்பைச் சுற்றச் சுற்ற இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது.

"விளையாடுற நேரமா இது? அவ தூங்கி ஒரு மாசம் ஆச்சு."

காற்றே இல்லை. இலை மட்டும் இலையோடு உரசியது. இருபத்தொன்று.

மேலே ஜன்னல் திறந்தது. தங்கை. பக்கத்தில் மாப்பிள்ளை, தலையில் ஹெல்மெட்டோடு.

"இப்பதான் மச்சான் வந்தேன். இதோ வந்து பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். படியிறங்கும் சத்தம்.

இரண்டு சுண்டு.

வாரை உருவப் பார்த்தார். இறுகியது. பன்னிரண்டு. ஏழு.

மூன்று.

இலைகள் விலகின. வளையம் வெளியே வந்தது. அதற்குள் விரல் தடிமனில் ஒரு பச்சைக் கொடி நுழைந்திருந்தது. எங்கிருந்து வருகிறது? கண் அதன் வழியே போனது. புதர். சுவர். மேலே.

திறந்த ஜன்னல்.

"சாத்தும்மா! ஜன்னலைச் சாத்து!"

தங்கை அங்கே இல்லை. கொடி மட்டும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நிதானமாக. முழம் முழமாக.

பிறகு நின்றது.

மணிக்கட்டில் டேப் இரண்டு முறை சுண்டியது.