சுடர்விழி போட்டால் இருண்டுபோகும் ஹெட்செட்

காலை பத்து மணிக்கே அஞ்சலாட்சிக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கிவிட்டது. முத்தியால்பேட்டையில் அவள் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தாள். அந்த வேலையில் பாதி, மேசைக்கு அடியில் குனிந்து செய்வது. நாற்பத்தொன்பது வயதில் குனிவது சுலபம், நிமிர்வதுதான் பாடு. விடிந்ததிலிருந்து இரண்டு பிரிண்டர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ஒரு வாய் காபி குடிக்கலாம் என்று டம்ளரை எடுத்தபோது ஜெயம் படியேறி வந்தாள்.

ஜெயம் பக்கத்துத் தெருக்காரி, ஐம்பத்தைந்து வயது. அரியாங்குப்பத்தில் ஒரு வெல்டிங் பயிற்சி நிலையத்தில் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கிக் கொடுக்கும் வேலை.

"அஞ்சலாட்சி, நீ இப்பவே என்கூட வரணும். பர்மிசன் சொல்லிட்டு ஓடியாந்தேன். ஒரு பொண்ணு பொழப்பு போவுது."

"மொதல்ல உக்காருங்கக்கா. மூச்சு வாங்குங்க."

அந்த நிலையத்தில் முதலில் நிஜ நெருப்பைத் தரமாட்டார்கள். கண்ணை மூடும் ஹெட்செட் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, கையில் வெல்டிங் டார்ச்சைப் பிடித்தால், எதிரே இரும்புத் தகடும் தீப்பொறியும் நிஜம்போலத் தெரியும். எப்படிப் பற்றவைத்தார்கள் என்று கம்ப்யூட்டர் மார்க் போடும். இன்று மூன்று மணிக்கு ஒரு தொழிற்சாலையிலிருந்து அதிகாரி வந்து அதிலேயே தேர்வு வைக்கிறார். எழுபத்தைந்து மார்க் எடுத்தால் அடுத்த மாதமே வேலை.

"சுடர்விழின்னு ஒரு பொண்ணு. பாகூர் பக்கம், விவசாயக் குடும்பம். கெட்டிக்காரி. ஆனா அது மாட்டினா மட்டும் ரெண்டு நிமிசத்துல எல்லாம் இருண்டு போவுது. யூஎஸ்பி எர்ரருன்னு வருதாம். மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அது வேணும்னே ஏதோ பண்ணுதுன்னு சாரு சொல்லிட்டாரு, டெஸ்டுக்கு உக்கார வெக்க மாட்டாராம். இது போனா அடுத்த டெஸ்டுக்கு ஆறு மாசம். அதுக்கப்புறம் அவங்கப்பா அனுப்ப மாட்டாரு. இறால் உரிக்கிற வேலைக்குக் கம்பெனி வேன்ல ஏத்திடுவாரு."

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு நாளா. மொத நாளு நல்லாத்தான் ஓடுச்சு. அன்னிக்குப் பாவம், ஒயரு கழுத்தப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்துச்சு. இடது கைக்காரி இல்லியா, அந்தாண்டப் பக்கமா நிக்கும். இப்ப கழுத்து வலி இல்ல, மிஷினே அவிஞ்சு பூடுது."

அஞ்சலாட்சி காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். உடம்பு வேண்டாம் என்றது. ஆனால் தன் பிள்ளையல்லாத ஒரு பிள்ளைக்காக இவ்வளவு தூரம் ஓடி வந்தவளைத் திருப்பி அனுப்பினால் மாலையில் விளக்கேற்றக் கை வராது.

வாசலில் ஆட்டோக்காரன் கன்னியப்பன் வண்டியோடு தயாராக நின்றான். எல்லாவற்றையும் வெளியிலிருந்தே ஒட்டுக்கேட்டிருந்தான். அஞ்சலாட்சி பழுது பார்க்கப் போகும் இடமெல்லாம் கூடவே வந்து குற்றவாளியைக் கண்டுபிடிப்பதில் அவனுக்கு அடங்காத ஆசை.

"அக்கா, கேஸு முடிஞ்சுது. கூடப் படிக்கிறவன் எவனோ பொறாமையில கை வெச்சிருக்கான்."

"நீ ரோட்டப் பாரு."

"ரோட்டப் பாத்துக்கினுதான் சொல்றேன்."

"நேத்தும் ரோட்டப் பாத்துக்கினுதான் பால்காரர் மேல ஏத்தப் போன."

அரியாங்குப்பம் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. அஞ்சலாட்சி கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். முதல் நாள் கழுத்து இழுத்தது, மிஷின் ஓடியது. பிறகு கழுத்து இழுக்கவில்லை, மிஷின் ஓடவில்லை. ஏன்?

பயிற்சி நிலையப் பொறுப்பாளர் அருள்முருகனுக்கு நாற்பது வயதிருக்கும். நாலு நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள்.

"நான் பாக்காதது ஒண்ணும் இல்லம்மா. போர்ட் மாத்தினேன். டிரைவர் புதுசா போட்டேன். பவர் சேவிங்க ஆஃப் பண்ணேன். கம்பெனிக்காரன்கிட்ட ரெண்டு மணி நேரம் போன்ல நின்னேன். எட்டு பேருக்கு ஓடுது, ஒருத்திக்கு ஓடல. அப்ப கோளாறு மிஷின்லயா, ஆள்லயா? ஹெட்செட்டு எங்களுது இல்ல, இரவல். ஒடைஞ்சா திருப்பி எடுத்துக்குவாங்க. அப்புறம் ஒன்பது பேருக்குமே இல்ல."

அவர் கெட்டவரில்லை, பயந்தவர் என்று அஞ்சலாட்சிக்குப் பட்டது. சுவரோடு போல்ட் போட்டு முடுக்கிய மேசைக்கு அடியில் குனிந்தாள். ஹெட்செட்டின் ஒயர் கம்ப்யூட்டரின் பின்பக்கம், நீல நிற யூஎஸ்பி வாயில் சரியாகச் செருகியிருந்தது. பிடுங்கிப் பார்த்தாள். முனையின் தகட்டிலேயே சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. நீல வாயின் ஓரத்திலும் சிவப்பு ஒட்டியிருந்தது.

"ஆயுத பூஜைக்கு ஒயருக்கெல்லாம் பொட்டு வெச்சீங்களா?"

"ஜெயம்மா வெச்சாங்க. ஒண்ணொண்ணையும் பிடுங்கித் தொடைச்சு, பொட்டு வெச்சு, கடைசியில தண்ணி வேற தெளிக்கப் போனாங்க. கத்திட்டேன். இனிமே மிஷின் பக்கம் கை வெச்சா வீட்டோட இருந்துடுங்கன்னு சொன்னேன்."

"ஆபீஸ் ரூம்லயும் வெச்சாங்களா?"

"அன்னிக்கு ஆபீஸ் பூட்டியிருந்துச்சு. சாவி என் பையில வீட்டுக்குப் போயிடுச்சு. ஏன்?"

"சும்மா கேட்டேன். அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க. இப்பவே ஒரு தடவை போடட்டும்."

சுடர்விழி வந்தாள். ஒல்லியான, கறுத்த பெண். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மற்ற எட்டு பேரும், அருள்முருகனும், தேநீர்த் தூக்கோடு ஜெயமும் சுற்றி நின்று பார்க்க, ஹெட்செட்டை மாட்டி இடது கையில் டார்ச்சை எடுத்தாள்.

இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பன்னிரண்டாவது நிமிடத்தில் பயிற்சி முழுதாக முடிந்தது. திரை ஒரு முறைகூட இருளவில்லை. மார்க் அறுபத்து நாலு.

"பாத்தீங்களா? நாங்க எல்லாம் நின்னா ஓடுது," என்றார் அருள்முருகன். "அப்ப தனியா இருக்கறப்ப இவ என்ன பண்றா?"

"பேயா இருக்குமோ?" என்று கன்னியப்பன் கிசுகிசுத்தான்.

"பேயா இருந்தா அறுபத்து நாலு எடுக்காதுண்ணே, நூறு எடுக்கும்," என்றான் பக்கத்தில் நின்ற சிலம்பரசன். வகுப்பில் முதல் மார்க் அவனுடையது. கன்னியப்பன் உடனே அவனைச் சந்தேகத்தோடு ஏற இறங்கப் பார்த்தான்.

சுடர்விழி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"இழுத்துச்சாம்மா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"ஆமாங்க. அதான் கோடு வளைஞ்சிடுச்சு. நாலு நாளா இழுக்கல, இன்னிக்குத்தான் திரும்ப இழுக்குது."

"நாலு நாளும் எப்ப போட்ட?"

"நான்தாங்க கடைசி. எல்லாரும் டீக்குப் போற நேரம். சாரும் அவங்களோட வெளிய நிப்பாரு."

அஞ்சலாட்சி தலையசைத்தாள். ஒரு தாள் பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று சொல்லி ஆபீஸ் அறைக்குள் போனாள். பிரிண்டர் மூலையில் இருந்ததால் அதன் ஒயர் எட்டாமல், நீட்டுவதற்கு நீளமான கறுப்பு ஒயர் ஒன்றை இணைத்திருந்தார்கள். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். வாய்க்குள் குங்குமம்.

பூஜை நடக்காத அறையில் குங்குமம்.

பின்பக்கக் குழாயடியில் ஜெயம் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். அஞ்சலாட்சி சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தப் பிள்ளைக்குக் கழுத்து இழுக்குதுன்னு நீங்கதான் பிரிண்டர் ஒயர எடுத்து நடுவுல சேத்தீங்களா?"

ஜெயம் சிரித்தாள். "ஆமா. பாவம், மாடு மாதிரி இழுபட்டுச்சு. டீ கொடுத்துட்டு அப்படியே எடுத்தாந்து குத்திடுவேன். மிஷின் அவிஞ்சதும் சாரு வர்றதுக்குள்ள கழட்டிப் பழையபடி வெச்சிடுவேன், திட்டுவாரே..." சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். முகம் வெளிறியது. "அதனாலயா? வாய் சரியாப் பொருந்துச்சே! பிரிண்டருக்கு நல்லாத்தானே ஓடுது!"

"அதனாலதான்க்கா."

"ஐயோ, நானே அது வாயில மண்ணப் போட்டுட்டேனே." தூக்கு கையிலிருந்து நழுவிச் சாக்கடையோரம் உருண்டது. "சாருக்குத் தெரிஞ்சா இன்னியோட என்ன அனுப்பிடுவாரு. எங்க வீட்ல என் சம்பளம்தான், உனக்கே தெரியும்."

அஞ்சலாட்சிக்குத் தெரியும். உண்மையைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி அவளுக்கு எப்போதுமே கொஞ்ச நேரம்தான் இருக்கும். யார் தலையில் அதை இறக்குவது என்ற அலுப்பு பின்னாலேயே வந்துவிடும்.

"எப்படி நடந்துச்சுன்னு நான் சொல்லித்தான் ஆகணும். இல்லன்னா அந்தப் பொண்ணு மேல பழி நிக்கும். யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்ககிட்ட இருக்கட்டும்."

இரண்டரை மணிக்கு எல்லோரையும் கூடத்தில் கூப்பிட்டாள். நின்று பேச முடியாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கறுப்பு ஒயரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மிஷின்ல கோளாறு இல்ல சார். சுடர்விழிகிட்டயும் இல்ல. மொத நாள் கழுத்து இழுத்துது, மிஷின் ஓடுச்சு. அப்புறம் நாலு நாள் இழுக்கல, ஓடல. இன்னிக்கு இழுத்துது, ஓடுச்சு. அப்ப அந்த நாலு நாளும் ஒயரு நீளமாயிருக்கு. ஒயரு தானா வளராது. நடுவுல இன்னொண்ணு சேந்திருக்கு. அது இதுதான். ஆபீஸ்ல இருக்கிறது. பூஜைக்கு ஆபீஸ் பூட்டியிருந்துச்சு, ஆனா இது வாயில இந்தக் கூடத்துக் குங்குமம்."

"யூஎஸ்பின்னா எல்லாம் ஒண்ணுதானக்கா?" என்றான் கன்னியப்பன்.

"வாய்தான் ஒண்ணு. உள்ள பாரு, இதுல நாக்கு கறுப்பு, கம்ப்யூட்டர்ல இருக்கறது நீலம். பழைய காலத்து ஒயரு, உள்ள நாலே கம்பி. ஹெட்செட்டோட ஒயருல அதுக்கு ரெட்டிப்புக்கு மேல. சுடர்விழி, மோட்டார்லேந்து மெல்லிசான ஓஸ் பைப்ப நீட்டிக்கிட்டே போனா கடைசிப் பாத்தியில என்னா ஆவும்?"

"சொட்டுங்க. பாயாது."

"அதேதான். மொதல்ல தகடு மட்டும் தெரியற வரைக்கும் சொட்டு போதும். நீ பத்த வெச்சதும் ஹெட்செட் நிறைய கேக்குது, ஒயரால குடுக்க முடியல. அவிஞ்சிடுது."

அருள்முருகன் ஒயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிம்மதி வர வேண்டிய முகத்தில் கோபம் வந்தது. "சரி. சேத்தது யாரு?"

கன்னியப்பன் சிலம்பரசனை முறைத்தான்.

"இழுக்காம இருக்கட்டும்னு நல்லதுக்குச் செஞ்சது சார்," என்றாள் அஞ்சலாட்சி.

"நல்லதுக்கோ கெட்டதுக்கோ, இரவல் சாமான்ல கை வெச்சது யாருன்னு எனக்குத் தெரியணும்."

சுடர்விழி முதல் தடவையாக நிமிர்ந்தாள். அவள் பார்வை கூடத்தைச் சுற்றி வந்து, கதவோரம் துடைப்பத்தைப் பிடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்த ஜெயத்தின் மேல் ஒரு கணம் நின்று விலகியது.

"நான்தான் சார்," என்றாள்.

அஞ்சலாட்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நான் நினைச்சது சரி," என்றார் அருள்முருகன். "நீ டெஸ்டுக்கு உக்கார வேணாம். பைய எடுத்துக்க."

"பொய் சார்! அது பொய் சொல்லுது!" துடைப்பம் கீழே விழுந்தது. ஜெயம் கூடத்தின் நடுவுக்கே வந்துவிட்டாள். "அதுக்கு இந்த ஒயரு எங்க இருக்குன்னே தெரியாது. நான்தான் சார் செஞ்சேன். கழுத்த இழுக்குதேன்னு செஞ்சேன். என்ன அனுப்பிடுங்க. அதுக்கு டெஸ்டு வைங்க சார், உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்."

அருள்முருகன் ஒருத்தியைப் பார்த்தார், அடுத்தவளைப் பார்த்தார். ஒன்பது மாணவர்களில் யார் இடது கைக்காரர் என்று கவனிக்க வேண்டியது யாருடைய வேலை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் கேட்டதுபோல அவர் தலை தாழ்ந்தது. வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"இழுக்காம இருக்க இப்ப என்ன வழி?" என்றார், தணிந்த குரலில்.

"இதுக்கேத்த நீள ஒயரு வாங்கியார நேரமில்ல. இல்லன்னா மேசைய அந்தப் பக்கம் மாத்தணும். போல்ட்டு கழட்டவே ஒரு நாள் ஆவும். இன்னிக்கு யாராவது ஒயரத் தூக்கிப் பிடிச்சு, அது நகர நகரக் கூடவே நகரணும். அவ்ளோதான்."

அவர் ஜெயத்தின் பக்கம் திரும்பினார். "மிஷினத் தொடக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

"ஆமா சார்."

"இன்னிக்குத் தொடுங்க."

தேர்வுக்கு வந்த அதிகாரி, புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒயரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கும் பெண்ணை வியப்போடு பார்த்தார். "இவங்க யாரு?"

"இடது கைக்காரங்களுக்குத் தோதா நாங்க மேசை போடல சார். எங்க தப்பு," என்றார் அருள்முருகன். "அதுக்காக இவங்க நிக்கிறாங்க."

சுடர்விழி பற்றவைத்தாள். கம்ப்யூட்டர் திரையில் தீப்பொறி பறந்தது. அவள் ஓர் அடி நகர்ந்தால் ஜெயமும் ஓர் அடி நகர்ந்தாள். மூச்சு விடவும் பயந்தவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் கடந்தது. திரை இருளவில்லை. கோடு நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது.

எட்டாவது நிமிடத்தில் ஜெயத்தின் கை கடுக்கத் தொடங்கியது. ஒயர் சற்றே தாழ்ந்தது. அஞ்சலாட்சி எழ முயன்றாள். முழங்கால் விடவில்லை.

அதற்குள் அருள்முருகன் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போயிருந்தார். ஜெயத்தின் கைக்குப் பக்கத்தில் தன் கையைக் கொடுத்து ஒயரை வாங்கிக்கொண்டார். "உக்காருங்க," என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

ஜெயம் உட்காரவில்லை. அவர் பின்னாலேயே நின்று, அவர் நகரும்போதெல்லாம் தானும் நகர்ந்தாள். பன்னிரண்டு நிமிடம் முடிந்து, திரையில் எண்பத்து மூன்று என்று வந்த பிறகும், அருள்முருகனுக்குக் கையைக் கீழே இறக்க வேண்டும் என்று தோன்றவில்லை.