டாக்டர் சொன்ன மறுபாதி

சட்டையின் மூன்றாவது பொத்தான் ஐந்து நிமிடமாகத் துளைக்குள் நுழைய மறுத்தது. முப்பத்திரண்டு வருடம் ஊராருக்குச் சட்டை தைத்த விரல்கள் அவை. உதவ வந்த மனைவியை விலக்கிவிட்டு, தையல்காரர் அப்படியே கடைக்குக் கிளம்பிப் போனார்.

"அத்தை, இன்னுமா மாமாவுக்கு மாத்திரை வேண்டாங்கறீங்க?" என்றாள் மருமகள்.

"டாக்டரே பயிற்சி போதும்னுட்டாரு. மாமனார மூலையில உக்கார வெச்சாத்தான் ஒனக்கு நிம்மதியா?"

மருமகள் முகம் சுண்டிப்போய் உள்ளே போனாள். சொன்ன வாய்க்கே கசந்தது.

மூன்று மாதத்துக்கு முன், பார்கின்சன் ஆரம்ப நிலை என்று சொன்ன டாக்டர், தையல்காரர் வெளியே போனதும் அவர் மனைவியிடம் விவரித்தார். தினமும் நடையும் பயிற்சியும் கட்டாயம். மாத்திரையை இப்போதும் தொடங்கலாம், கொஞ்சம் பொறுத்தும் தொடங்கலாம். ஆனால் கைத்தொழிலுக்கு இடைஞ்சல் என்றால் தள்ளிப்போட வேண்டாம். அவரையே கேட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் பாதிதான் வீடு வந்து சேர்ந்தது. இதே நோய்க்கு வருடக்கணக்காக மாத்திரை சாப்பிட்ட அவள் அண்ணன், கடைசியில் உடம்பு முறுக்கித் துடித்ததைக் கண்ணால் பார்த்தவள். அந்தப் பயம் மறுபாதியை விழுங்கிவிட்டது. அதற்கு ஈடாக, விடியுமுன் எழுந்து அவரோடு நடந்தாள். குற்ற உணர்ச்சி மட்டும் கரையவில்லை.

இன்று மதியமே தையல்காரர் திரும்பி வந்தார்.

"கடையச் சாத்திட்டேன். ஒரு பொண்ணோட கல்யாணத் துணிய... கோணலா வெட்டிட்டேன். அவ ஒரு வார்த்தை திட்டல. அதான் தாங்கல."

அவள் நீட்டிய தண்ணீரை அவர் வாங்கவில்லை.

"தப்பு எம்மேலதான். பயிற்சிய ஒழுங்கா பண்ணல போல. நாளையிலேருந்து இன்னும் ஒரு மணி நேரம் கூட நடக்கறேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, விழுங்கியதையெல்லாம் கொட்டிவிட்டாள்.

அவர் தன் விரல்களை விரித்துப் பார்த்தார். "இது என் கை," என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே..."

அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. வாசற்படியில் நின்ற மருமகளைப் பார்த்தாள். "நீ நல்லதத்தான் சொன்னேம்மா. நான்தான் நாக்குல விஷத்த வெச்சுப் பேசிட்டேன்."

"விடுங்க அத்தை. இப்பவும் ஒண்ணும் கைமீறிப் போகல. ஒங்க பயத்தையும் டாக்டர்கிட்டயே கேட்டுருவோம்," என்று மருமகள் அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள்.

மனைவி ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, தான் பேசாமல் கணவரிடம் நீட்டினாள். அது அவர் கையில் நடுங்கியது. தாங்கிப் பிடிக்கத் துடித்த தன் கையை அவள் அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு நரம்பு டாக்டரப் பாக்கணும்," என்றார் அவர். சற்று நிறுத்தினார். "அப்படியே எலும்பு டாக்டர்கிட்டயும் ஒரு சீட்டு போடுங்க. என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி. மூணு மாசமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு எங்கூட நடக்கறா."